விதிப் புத்தகம் வரைந்த கார்கள்

ஸ்டுட்கார்ட்டின் வடக்குப் புறநகரான ஸுஃபன்ஹௌசனில் ரயிலை விட்டு இறங்கினால் போர்ஷே அருங்காட்சியகத்துக்கு வழி கேட்க வேண்டியதில்லை. மூன்றே மூன்று தூண்களைப் பிடித்துக்கொண்டு ஒரு பெரிய வெள்ளைக் கட்டடம் அந்தரத்தில் நிற்கிறது. சாலைக்கு அந்தப் பக்கம் தொழிற்சாலை. ஷிஃப்ட் முடிந்து வருகிறவர்களும் கழுத்தில் கேமரா மாட்டிய சுற்றுலாக்காரர்களும் ஒரே சிக்னலில் காத்திருக்கிறார்கள்.

என்னை அழைத்துப்போனவன் அக்கா மகன். கோவையில் இயந்திரவியல் படித்துவிட்டு, இந்த ஊரில் ஒரு உதிரிபாக நிறுவனத்தில் எஞ்சின் மென்பொருள் பிரிவில் இருக்கிறான். எஸ்கலேட்டரில் மேலே ஏறியதும் அவன் கால்கள் பழைய 356, 911 வரிசைப் பக்கம் திரும்பின. நான் அவனை மறித்து, 24 மணி நேரப் பந்தயம் ஓடிய கார்கள் இருக்கும் பக்கம் இழுத்தேன்.

"ரோட்ல ஓடுற கார விட்டுட்டு நேரா ரேஸ் காருக்கா, மாமா?"

"ரோட்டுல ஓடுறத ரோட்டுலயே பாத்துக்கலாம்டா."

நீண்டதூரப் பந்தயக் காரைப் பார்ப்பவர்கள் அதன் உருவத்தைக் காற்று செதுக்கியது என்றே நினைக்கிறார்கள். பாதி உண்மை. மீதிப் பாதியைச் செதுக்குவது பாரிஸிலோ லெ மான்ஸிலோ ஒரு குழு உட்கார்ந்து எழுதும் விதிப் புத்தகம். இருக்கை ஏன் அங்கே, வால் ஏன் இவ்வளவு நீளம், எஞ்சின் ஏன் இந்த அளவு என்று எதைக் கேட்டாலும் பதில் ஏதோ ஒரு ஆண்டின் ஏதோ ஒரு பிரிவில் கிடைக்கும். அதைத்தான் கார் காராகப் பார்க்க வந்திருந்தேன்.

முதலில் 917. பச்சை மூக்கு வைத்த வெள்ளைக் கார், சேஸி எண் 001. படங்களில் பார்த்ததைவிட மிகச் சிறியது. கூரை என் இடுப்புக்கு மேல் வரவில்லை. ஓட்டுநர் இருக்கை முன்னால் தள்ளிப் போடப்பட்டிருப்பதால் அவருடைய பாதங்கள் முன் அச்சையும் தாண்டி நிற்கும். அவற்றுக்கு முன்னால் மெல்லிய அலுமினியக் குழாய்களும் ஃபைபர் ஓடும் மட்டும்தான். மொத்த சட்டகத்தின் எடை 42 கிலோ. குழாய்களுக்குள் வாயுவை அடைத்து வைப்பார்கள். அழுத்தம் குறைந்தால் எங்கோ விரிசல் என்று அர்த்தம்.

இந்தக் கார் பிறந்ததற்குக் காரணமே ஒரு விதியின் ஓட்டை. 1966, 67-ல் ஃபோர்டு 7 லிட்டர் எஞ்சின்களோடு வந்து லெ மான்ஸின் 24 மணி நேரப் பந்தயத்தை வென்றது. வேகம் கைமீறிப் போகிறது என்று அஞ்சிய சர்வதேச விளையாட்டு ஆணையம், 1968 முதல் முன்மாதிரிக் கார்களுக்கு 3 லிட்டர்தான் உச்சம் என்றது. ஆனால் பந்தயத்துக்கு வரிசை நிறைய கார் வேண்டுமே? அதனால் ஒரு சலுகை: குறைந்தது 50 கார் தயாரித்திருந்தால் 5 லிட்டர் வரை அனுமதி. பழைய ஃபோர்டு ஜிடி40-களும் லோலாக்களும் தொடர்ந்து ஓடட்டும் என்பதுதான் எண்ணம். பிறகு அந்த 50-ஐ 25 ஆகக் குறைத்தார்கள். புத்தம் புதிய பந்தயக் காரை 25 எண்ணிக்கையில் கட்டும் பைத்தியக்காரன் எவனும் இருக்கமாட்டான் என்பது அவர்கள் கணக்கு.

ஃபெர்டினான்ட் பியெக் அப்போது போர்ஷேயின் மேம்பாட்டுப் பிரிவின் தலைவர், வயது முப்பதைத் தாண்டி அதிகமில்லை. அந்தப் பைத்தியக்காரன் அவர்தான். ஹன்ஸ் மெட்ஸ்கர் 4.5 லிட்டரில், காற்றில் குளிரும் 12 சிலிண்டர் எஞ்சின் வரைந்தார். 1969 மார்ச்சில் ஆய்வாளர்கள் வந்தபோது சில கார்கள் மட்டும் முழுமையாக நின்றன. மற்றவை பாதி கோர்த்தவையும் பாகங்களாகக் கிடந்தவையும். பாகத்தை எண்ண முடியாது, காராகக் காட்டுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். ஏப்ரல் 21-ல் திரும்பி வந்தபோது 25 கார்கள் இதே ஸுஃபன்ஹௌசன் தொழிற்சாலை முற்றத்தில் வரிசையாக நின்றன. கைக்குக் கிடைத்தவர்களையெல்லாம் கூப்பிட்டு, அலுவலக எழுத்தர்களைக்கூட ஸ்பேனர் பிடிக்க வைத்துக் கோர்த்தார்கள் என்று கதை சொல்வார்கள். எதை வேண்டுமானாலும் ஓட்டிப் பாருங்கள் என்று பியெக் அழைக்க, ஆய்வாளர்கள் மறுத்துவிட்டார்களாம். அவர்கள் மறுத்தது நல்லதாகப் போயிற்று. அவற்றில் பல கார்கள் முற்றத்தைத் தாண்டி ஓடியிருக்குமா என்பது சந்தேகம்தான்.

"இது ஏமாத்து வேலை இல்லையா மாமா?"

இல்லை என்றுதான் நினைக்கிறேன். வருமான வரிச் சட்டத்தைக் கெட்டிக்கார ஆடிட்டர் எப்படிப் படிப்பாரோ அப்படி விதியைப் படித்தார்கள். எழுதியிருப்பதை மீறவில்லை, எழுதாமல் விட்டதை எடுத்துக்கொண்டார்கள். தவறு என்று சொன்னால் அது எழுதியவர்களுடையது.

வாலருகே போய்க் குனிந்தேன். முதலாண்டு 917-ன் பின்னால் சின்ன மடிப்புத் தகடுகள் உண்டு. பின்சக்கர சஸ்பென்ஷனோடு இணைந்தவை, சக்கரம் ஏறி இறங்க அவையும் அசையும். அதே 1969 மே மாதம் பார்சிலோனாவில் ஃபார்முலா 1 கார்களின் உயரமான இறக்கைகள் முறிந்து விபத்துகள் நடந்ததால், அசையும் காற்றுத் தகடுகள் எதுவும் கூடாது என்று தடை வந்தது. போர்ஷே மல்லுக்கு நின்று, அந்த ஆண்டு லெ மான்ஸில் மட்டும் அவற்றோடு ஓட விலக்கு வாங்கியது. அசையும் தகடு என்ற விஷயத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், அரை நூற்றாண்டு தள்ளி மறுபடி வரும்.

1970-லும் 71-லும் 917 லெ மான்ஸை வென்றது. 71-ல் ஹெல்முட் மார்கோவும் கைஸ் ஃபான் லென்னெப்பும் 24 மணி நேரத்தில் ஓடிய தூரம் 5,335 கி.மீ. அந்தச் சாதனை 2010 வரை நின்றது. 1972-ல் எல்லோருக்கும் 3 லிட்டர் என்று விதி மாற, 917-க்கு உலகக் கோப்பையில் இடமே இல்லாமல் போயிற்று. தோற்று விலகவில்லை. ஒரு பத்தியை அடித்தார்கள், அவ்வளவுதான்.

அடுத்தது, நான் முக்கியமாகப் பார்க்க வந்தது, தலைக்கு மேலே இருந்தது. 956-ஐக் கூரையில் தலைகீழாக மாட்டி வைத்திருக்கிறார்கள். மணிக்கு 321.4 கி.மீ. வேகத்தில் போனால் காற்று இந்தக் காரை அதன் சொந்த எடைக்குச் சமமாக அழுத்தும், ஆகவே கொள்கை அளவில் கூரையிலேயே ஓட்டலாம் என்பது அவர்கள் சொல்லும் விளக்கம். பிள்ளைகள் அண்ணாந்து பார்த்துச் சிரிக்கிறார்கள். அது வேடிக்கைக்கு வைத்ததாகத்தான் இருக்கட்டும், எனக்கு அதில் வேறு லாபம் இருந்தது. காரின் மேல்பக்கத்தை எங்கும் பார்க்கலாம். அதன் சங்கதி முழுவதும் இருப்பது அடிவயிற்றில்.

இந்தக் காருக்கு வழிவிட்ட, 1982-ல் வந்த குரூப் சி விதிகள் என் கணக்கில் இந்த விளையாட்டுக்கு எழுதப்பட்டவற்றிலேயே சிறந்தவை. எஞ்சின் எத்தனை லிட்டர், எத்தனை சிலிண்டர், டர்போவா இல்லையா என்று எதையும் கேட்கவில்லை. எடை 800 கிலோவுக்குக் குறையக்கூடாது. டேங்க் 100 லிட்டர். 1,000 கி.மீ. பந்தயத்துக்கு மொத்தம் 600 லிட்டர் பெட்ரோல். அளந்து கொடுத்ததோடு சரி, மற்றதெல்லாம் உன் பாடு.

இந்த ஒரே கேள்விக்கு எத்தனை விதமான பதில்கள் வந்தன என்று பாருங்கள். போர்ஷே 2.65 லிட்டர் டர்போ. ஜாகுவார் டர்போவே வேண்டாம் என்று 7 லிட்டர் வி12. ஸாவ்பர்-மெர்சிடிஸ் 5 லிட்டர் வி8, இரட்டை டர்போவுடன். மாஸ்டா பிஸ்டனே இல்லாத சுழல் எஞ்சின். போர்ஷே 1982 முதல் 87 வரை வரிசையாக, ஜாகுவார் 88-ல், மெர்சிடிஸ் 89-ல், மாஸ்டா 91-ல் என்று நான்குமே லெ மான்ஸை வென்றன. கண்ணை மூடிக்கொண்டு நின்றால்கூடச் சத்தத்தை வைத்து எந்தக் கார் போகிறது என்று சொல்லிவிடலாம் என்பார்கள் அந்தக் கால ரசிகர்கள்.

அடிவயிற்றுக்கு வருவோம். நடுவில் 100க்கு 80 செ.மீ. அளவில் ஒரு தட்டைப் பகுதி இருந்தாக வேண்டும் என்பது விதி. காற்றை அடியில் முடுக்கிக் காரைத் தரையோடு உறிஞ்சிவிடாமல் தடுக்கத்தான் அது. போர்ஷேயின் பொறியாளர் நோர்பர்ட் ஸிங்கர் அந்தத் தட்டையை மறுபேச்சில்லாமல் வைத்தார். அதற்குப் பின்னால் என்ன செய்யக்கூடாது என்று எழுதவில்லை. அங்கிருந்து இரண்டு பக்கமும் வாலை நோக்கி உயர்ந்துகொண்டே போகும் இரண்டு குகைகளை அமைத்தார். கூரையிலிருந்து தொங்கும் காரில் அவை அப்பட்டமாகத் தெரிகின்றன, ஒவ்வொன்றிலும் ஒரு குழந்தை படுத்துக்கொள்ளலாம். போர்ஷேயின் எஞ்சின் தட்டையானது, அகலம் அதிகம். குகைகளுக்கு இடம் விடாமல் அடைத்துக்கொள்ளும். அதனால் எஞ்சினையும் கியர்பாக்ஸையும் பின்பக்கம் மேல்நோக்கிச் சாய்த்துப் பொருத்தினார்கள். எஞ்சினுக்காகக் காரை வளைப்பது போய் காற்றுக்காக எஞ்சினை வளைத்த கதை இது.

அக்கா மகன் அண்ணாந்து பார்த்தபடியே கழுத்தைத் தேய்த்துக்கொண்டான். "இதுக்கு மேலே ஒண்ணு இருக்கு மாமா. எங்க பீல்டுல மோட்ரோனிக்னு சொல்வோம்ல, பெட்ரோலையும் ஸ்பார்க்கையும் கம்ப்யூட்டரே முடிவு பண்றது, அது இந்தக் கார்லதான் நல்லா அடிபட்டு வந்துச்சு."

அவன் சொன்னது சரி. பெட்ரோல் அளவுச் சாப்பாடு ஆனதும் ஒவ்வொரு துளியையும் யார் கணக்குப் பார்ப்பது என்ற கேள்வி எழுந்தது. பாஷ் நிறுவனத்தின் மின்னணு எஞ்சின் கட்டுப்பாடு பந்தயத்தில் பழகியது அப்படித்தான். 1985-ல் பெட்ரோல் ஒதுக்கீட்டை மேலும் 15 சதவீதம் வெட்டினார்கள். அந்த ஆண்டு லெ மான்ஸில் போர்ஷேயின் சொந்த அணி புதிய 962-களோடு வந்தது. வென்றதோ ரைன்ஹோல்ட் யோஸ்ட்டின் தனியார் அணி, முந்தைய ஆண்டு வென்ற அதே பழைய 956-ஐ வைத்துக்கொண்டு. காரணம் சிக்கனம்.

956-ன் ஆதிக்கம் எப்படியிருந்தது என்பதற்கு ஒரு சுவரொட்டி சாட்சி. 1983 லெ மான்ஸில் முதல் பத்து இடங்களில் ஒன்பது போர்ஷேக்கு. ஒன்பதாவது இடம் மட்டும் ஒரு ஸாவ்பருக்கு. யாரும் முழுமையானவர் அல்லர் என்று அடக்கமாக ஒரு வரி போட்டு விளம்பரம் அடித்தார்கள். அடக்கமாம்!

962-ன் முன்னால் நின்றது சில நிமிடங்கள்தான். 956-ன் தம்பிதான் அது. அமெரிக்கப் பந்தய அமைப்பு, ஓட்டுநரின் பாதம் முன் அச்சுக்குப் பின்னால் இருக்க வேண்டும் என்றது. அதற்காகச் சக்கர இடைவெளியை 12 செ.மீ. நீட்டினார்கள். 917-ல் பார்த்த அந்தப் பாதங்களை நினைத்தால், உருவத்தை மாற்றிய விதிகளிலேயே இதைவிட நியாயமானது கிடையாது.

நல்ல விதியைக் கெடுக்கத் தெரிந்தவர்களும் இருந்தார்கள். 1991 முதல் ஃபார்முலா 1 பாணி 3.5 லிட்டர் எஞ்சினை நோக்கி உலக அமைப்பு குரூப் சியைத் திருப்பியது. பெட்ரோல் கணக்கு போயிற்று, செலவு ஏறியது, தனியார் அணிகள் கழன்றுகொண்டன. 1992-ல் லெ மான்ஸ் ஓட வந்தவை 28 கார்கள். அந்த ஆண்டோடு உலகக் கோப்பையே நின்றது.

அடுத்த அறையில் 911 ஜிடி1. பெயரில் 911 இருக்கிறது, விளக்கின் வடிவத்தில் கொஞ்சம் 911 இருக்கிறது, வேறெங்கும் இல்லை. எஞ்சின் நடுவில், 1998 காரின் உடல் முழுக்கக் கார்பன். தொண்ணூறுகளில் சாலைக் கார்களிலிருந்து பிறந்தவற்றுக்குத் தனி வகுப்பு அமைத்தார்கள். சாலைக் கார் என்றால் எத்தனை என்று கேட்டதில்தான் எல்லாம் இருந்தது. 1994-ல் லெ மான்ஸ் அமைப்பாளர்களின் விதிப்படி ஒன்று போதும். ஸிங்கர் அதைப் படித்தார். யோகன் டவுவர் என்பவர் 962-ஐ நம்பர் பிளேட் போட்டுச் சாலையில் ஓட்டும் காராக மாற்றி விற்பதாக இருந்தார். அப்படியானால் 962 சாலைக் கார்தானே! முன்மாதிரிக் கார்களுக்கு 80 லிட்டர் டேங்க், சாலைக் கார் வகுப்புக்கு 120. பன்னிரண்டு வயது வடிவமைப்பு மறுவேடத்தில் வந்து பந்தயத்தை வென்றுவிட்டுப் போனது. அடுத்த ஆண்டே அந்தக் கதவு சாத்தப்பட்டது.

அந்தக் காலத்து டொயோட்டா ஜிடி-ஒன் பற்றிய கதையையும் சொல்லாமல் நகர முடியவில்லை. சாலைக் கார் என்றால் ஒரு பெட்டி வைக்க இடம் இருக்க வேண்டும் என்று விதி. காலியாக இருக்கும் பெட்ரோல் டேங்கில் அந்தப் பெட்டி வைக்கும் அளவு இடம் இருக்கிறது என்று வாதாடி ஜெயித்தார்கள். அக்கா மகன் அங்கேயே சத்தமாகச் சிரித்துவிட்டான், காவலர் திரும்பிப் பார்த்தார்.

சிரிப்போடு முடியாத கதையும் இதில் உண்டு. அந்தக் கார்களுக்கு நீண்ட மூக்கு, தட்டையான அடி. முன்னால் போகும் காரின் பின்னே மேட்டில் ஏறினால் மூக்குக்குள் காற்று புகுந்து காரையே தூக்கும். 1998-ல் அமெரிக்காவின் ரோடு அட்லாண்டாவில் ஒரு போர்ஷே ஜிடி1 பறந்தது. அடுத்த ஆண்டு லெ மான்ஸில் மெர்சிடிஸ் சிஎல்ஆர் கார்கள் தகுதிச் சுற்று, வார்ம்-அப், பந்தயம் என்று மூன்று முறை பறந்தன. மூன்றாவது, பீட்டர் டம்ப்ரெக்கின் கார், மரங்களுக்கிடையே போய் விழுந்தது. அவர் பிழைத்தது அதிர்ஷ்டம். இன்றைய முன்மாதிரிக் கார்களின் முதுகில் நிற்கும் பெரிய துடுப்பும், சக்கரங்களுக்கு மேலே இருக்கும் திறப்புகளும் அழகுக்காக வந்தவை அல்ல. கார் பக்கவாட்டில் திரும்பினாலும் தரையை விட்டு எழக்கூடாது என்று 2011, 12-ல் சேர்த்த விதிகள். வடிவமைப்பாளர்கள் முதலில் அவற்றைத் திட்டித் தீர்த்தார்கள்.

2000-களின் டீசல் காலத்துக்கு இங்கே சாட்சி இல்லை, அது சகோதர நிறுவனமான ஆடியின் வீட்டுச் சொத்து. டீசலை அழைத்து வர விதியில் தாராளம் காட்டினார்கள், ஆடி 2006-ல் ஆர்10 கொண்டு வென்றதும் கையைக் குறுக்கினார்கள்: பெட்ரோல் காருக்கு 90 லிட்டர் டேங்க், டீசலுக்கு 81. அந்த ஆர்10-ல்தான் கோவைக்காரர் நரேன் கார்த்திகேயன் 2009-ல் லெ மான்ஸ் ஓடுவதாக இருந்தது. பந்தயத்துக்கு முன் தோள் விலகியதால் அவர் ஏறவில்லை. சென்னையின் கருண் சந்தோக் 2012-ல் ஆறாவதாக முடித்தார். சொந்த ஊர்ப் பெயர் வந்ததும் அக்கா மகன் முகத்தில் ஒரு வெளிச்சம், "ஆறாவதா?" என்று இரண்டு முறை கேட்டுக்கொண்டான்.

919 ஹைபிரிட் அருகே அவன்தான் எனக்குப் பாடம் எடுத்தான். 2014 விதி குரூப் சியின் பேரன். இதுவும் எரிபொருளைத்தான் அளந்தது, ஆனால் ஒவ்வொரு சுற்றுக்கும், ஒவ்வொரு கணத்துக்கும் மீட்டர் வைத்து. மின்சாரத்தை எவ்வளவு மீட்டுப் பயன்படுத்துவது என்பதில் 2, 4, 6, 8 மெகாஜூல் என்று நான்கு படிகள். மேல்படி ஏறினால் எரிபொருள் குறையும். போர்ஷே 2 லிட்டர் வி4 டர்போ வைத்தது. முன்சக்கரத்தில் பிரேக் பிடிக்கும்போது மின்சாரம், புகைக் குழாயில் வெளியேறும் சூட்டிலிருந்தும் ஒரு டர்பைன் வைத்து மின்சாரம். டொயோட்டா பெரிய பெட்ரோல் எஞ்சின், ஆடி டீசல். மறுபடி ஒரே கேள்விக்கு மூன்று பதில். 2015 முதல் 17 வரை மூன்று லெ மான்ஸ் 919-க்கே. ஆனால் அந்த ஆராய்ச்சிக்கு ஆன செலவைத் தாங்க ஆளில்லை. 2016 முடிவில் ஆடி விலகியது, 2017 முடிவில் போர்ஷே.

விலகிய பிறகு ஒரு காரியம் செய்தார்கள். ஒரு 919-ஐ எடுத்து விதிப் புத்தகத்தைத் தூக்கிப் போட்டுவிட்டார்கள். எரிபொருள் மீட்டரைக் கழற்றியதும் 500 குதிரைத்திறனாக இருந்த அதே வி4 எஞ்சின் 720 தந்தது. மின்மோட்டாரோடு சேர்த்து 1,160. விளக்கு, ஏர் கண்டிஷனர் எல்லாம் கழன்று எடை 849 கிலோ. 1969-ல் தடைபட்ட அசையும் தகடுகள் முன்னும் பின்னும் திரும்பி வந்தன. 2018 ஏப்ரலில் ஸ்பா சுற்றுப் பாதையில் 1:41.770, முந்தைய ஆண்டின் ஃபார்முலா 1 முதலிட நேரத்தைவிட வேகம். ஜூனில் நூர்பர்க்ரிங்கின் பழைய பாதையில் டீமோ பெர்ன்ஹார்ட் 5 நிமிடம் 19.55 விநாடி. அதற்கு முன் அங்கே 956-ல் ஸ்டெஃபான் பெல்லோஃப் 1983-ல் வைத்த 6:11 நின்றிருந்தது. விதி எவ்வளவு பிடித்து வைத்திருக்கிறது என்பதை யாரும் இவ்வளவு துல்லியமாக அளந்து காட்டியதில்லை.

கடைசியாக 963. அழகான கார்தான், மறுக்கவில்லை. ஆனால் இதுவரை செய்ததுபோல் சுற்றி வந்து படிக்க முயன்றபோது படிக்க எதுவும் அகப்படவில்லை. அது சேர்ந்திருக்கும் எல்எம்டிஹெச் பிரிவில் உடல் சட்டகத்தை அனுமதி பெற்ற நான்கு நிறுவனங்களில் ஒன்றிடமிருந்து வாங்க வேண்டும், போர்ஷே மல்டிமேடிக்கைத் தேர்ந்தது. மின்மோட்டார் எல்லோருக்கும் பாஷ், கியர்பாக்ஸ் எக்ஸ்ட்ராக். திறன் 500 கிலோவாட் அளவில், எடை 1,030 கிலோவிலிருந்து. காற்று அழுத்தமும் தடையும் ஒரு சிறு சன்னலுக்குள் அடங்க வேண்டும். அதன்மேல் பந்தயத்துக்குப் பந்தயம் சமப்படுத்தும் அட்டவணை வரும்: வேகமாக ஓடினாயா, இந்தா இத்தனை கிலோ. 2023-ல் லெ மான்ஸ் நூற்றாண்டுப் பந்தயத்துக்குச் சில நாள் முன்னால் டொயோட்டாவின் எடையில் 37 கிலோ ஏற்றினார்கள், ஃபெராரிக்கு 24. ஃபெராரி வென்றது.

"ஆனா மாமா, இந்த ரூல்னாலதான இத்தனை கம்பெனி வந்திருக்கு? ஃபெராரி, கெடிலாக், பிஎம்டபிள்யூ, பெஷோ எல்லாம். நீங்க சொல்ற நல்ல ரூல் காலத்துல ஒவ்வொருத்தரா ஓடிட்டாங்கள்ல?"

அவன் மடக்கியது நியாயம்தான். 2017-க்குப் பிறகு சில ஆண்டுகள் டொயோட்டா கிட்டத்தட்டத் தனியாக ஓடியதை நானும் கொட்டாவி விட்டபடி பார்த்திருக்கிறேன். கூட்டம் வேண்டுமென்றால் விலை உண்டு. அந்த விலையை வடிவமைப்பாளர்கள் தருகிறார்கள் என்பது என் வருத்தம். பெஷோ 9எக்ஸ்8-ஐப் பின் இறக்கையே இல்லாமல் கட்டியது, அந்தச் சன்னலுக்குள் இறக்கை இல்லாமலும் அடங்க முடியும் என்று கண்டதால். விதியை அப்படிப் படித்தவர்கள் இந்தத் தலைமுறையில் அவர்கள்தான். ஓடிப் பார்த்ததில் சரிப்படவில்லை. 2024-ல் டயர் அளவை மாற்றி, எல்லோரையும்போல் இறக்கையும் வைத்துவிட்டார்கள். எனக்கு அன்றைக்கு ஒரு நண்பர் மீசையை எடுத்துவிட்டு வந்தது போலிருந்தது.

2025 லெ மான்ஸில் ஒரு 963 இரண்டாவதாக வந்தது, 24 மணி நேரத்துக்குப் பின் ஃபெராரிக்கு 14 விநாடி பின்னால். அந்த ஆண்டோடு உலகக் கோப்பையிலிருந்து போர்ஷே விலகியது. அந்த 14 விநாடியில் எவ்வளவு பொறியாளருடையது, எவ்வளவு ஓட்டுநருடையது, எவ்வளவு அட்டவணையுடையது என்று அக்கா மகனைக் கேட்டேன்.

"டீம்ல யாரையாச்சும் கேட்டாத் தெரியும்."

கேட்க முடியாது. அந்தச் சமப்படுத்தும் அட்டவணையைப் பற்றி அணிகளும் தயாரிப்பாளர்களும் பொதுவில் வாய் திறக்கக்கூடாது என்பதையும் விதிப் புத்தகத்திலேயே எழுதி வைத்திருக்கிறார்கள்.